‘பை’ ஒன்று போதுமா? – ஆங்கிலச் செயப்பாட்டு வினையும் நம் வேற்றுமை உருபுகளும்

ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, இங்குள்ள மருத்துவர் பார்த்துவிட்டு, சென்னையில் பெரிய இடத்தில் காட்டும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். தீவில் வாழ்கிற நமக்கு இது புதிது அல்ல. ஒவ்வொரு தெருவிலும் ஒரு குடும்பமாவது இப்படிச் சீட்டோடு கப்பலோ விமானமோ ஏறியிருக்கும். அக்கா அந்தச் சீட்டை எழுத்துக்கூட்டித் தொலைபேசியில் சென்னையில் இருக்கும் தம்பி மகனுக்குப் படித்துக் காட்டினார். அந்தப் பையன் முன்கூட்டியே மருத்துவமனைக்குப் போய், சீட்டில் இருந்த டாக்டர் பெயரைச் சொல்லி, டோக்கன் வாங்க வரிசையில் நின்றான். “அந்தப் பேர்ல இங்க டாக்டரே இல்லையேப்பா” என்று கவுண்டரில் சொன்னார்கள். கட்டடம் கட்டடமாக அலைந்தான். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். பாதி நாள் போயிற்று.

என்ன நடந்தது? சீட்டில் ‘ரெஃபர்ட் பை’ என்று ஒரு வரி, ‘ரெஃபர்ட் டு’ என்று அடுத்த வரி. ‘பை’க்குப் பக்கத்தில் இருந்தது நம்மூர் டாக்டரின் பெயர், அதாவது அனுப்பியவர். ‘டு’க்குப் பக்கத்தில் இருந்ததுதான் போய்ச் சேர வேண்டிய இதயநோய்ப் பிரிவு. பையன் பட்டப்படிப்பு படித்தவன். ‘ரெஃபர்ட்’ என்றால் என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வினை தெரிந்தது, அதன் பின்னால் வந்த இரண்டெழுத்துச் சொல்லைத்தான் காது தவறவிட்டது.

இந்த மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது எனக்கு அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்குப் பின் வரும் ‘பை’, ‘வித்’, ‘டு’, ‘ஆஃப்’, ‘இன்’ முதலான முன்னிடைச் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நம் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இலக்கணம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் அந்தச் சீட்டுக்கே திரும்பி வருவோம்.

பள்ளிக்கூடத்தில் நாமெல்லோரும் ஒரு பயிற்சி செய்திருக்கிறோம். செய்வினை வாக்கியத்தைக் கொடுத்துச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்வார்கள். ‘ராமன் பாம்பைக் கொன்றான்’ என்பது ‘பாம்பு ராமனால் கொல்லப்பட்டது’ ஆகும். எழுவாயைப் பின்னால் தள்ளு, அதற்கு முன் ‘பை’ போடு, மதிப்பெண் வாங்கு. இந்தப் பயிற்சியைப் பத்து வருடம் செய்த பிள்ளைக்கு, செயப்பாட்டு வினை வந்தால் ‘பை’ வரும் என்பது எலும்பில் ஊறிவிடுகிறது. ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறு. பெரும்பாலான செயப்பாட்டு வாக்கியங்களில் ‘பை’ வருவதே இல்லை. செய்தவர் யார் என்பது தெரியாதபோதும், தேவையில்லாதபோதும், சொல்ல விரும்பாதபோதும்தான் இந்த வினையே பயன்படுகிறது. ‘கப்பல் ரத்து செய்யப்பட்டது’ என்று அறிவிப்பார்கள். யார் ரத்து செய்தார் என்று எந்த அறிவிப்பிலாவது கேட்டிருக்கிறீர்களா? ‘பை’ இல்லாத அந்த இடத்தில் வேறு சொற்கள் வந்து உட்கார்கின்றன. அவைதான் நம்மைச் சிக்கலில் மாட்டுகின்றன.

சரி, தமிழ் இங்கே எப்படி உதவும்? ஆங்கிலம் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக வைப்பதைத் தமிழ் பெயருக்குப் பின்னால் உருபாக ஒட்டுகிறது. நாம் ‘சென்னைக்கு’ என்கிறோம், அவர்கள் ‘டு சென்னை’ என்கிறார்கள். வேலை ஒன்றுதான், உட்காரும் இடம்தான் வேறு. ஆகவே நம்மிடம் ஏற்கனவே இருக்கும் வேற்றுமை அறிவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம்.

மூன்றாம் வேற்றுமையை எடுத்துக்கொள்வோம். ஆல், ஆன், ஒடு, ஓடு என்பவை அதன் உருபுகள். இந்த உருபுகளுக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள்களைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்திருக்கிறார். உரைகாரர்கள் இன்னும் நுட்பமாகப் போகிறார்கள். கருவியை முதற்கருவி என்றும் துணைக்கருவி என்றும் பிரிக்கிறார்கள். கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று பிரிக்கிறார்கள். பரீட்சைக்காக உருப்போட்டு மறந்த இந்தப் பிரிவுகள் ஆங்கிலத்துக்கு இவ்வளவு உதவும் என்று நான் ஆசிரியரான பிறகுதான் உணர்ந்தேன்.

ஒரு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணால் செய்யப்பட்டது. சக்கரத்தால் செய்யப்பட்டது. குயவரால் செய்யப்பட்டது. தமிழில் மூன்று இடத்திலும் ‘ஆல்’தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல என்பது நம் இலக்கணக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. களிமண் முதற்கருவி, அதுவே பானையாக மாறி நிற்கிறது. சக்கரம் துணைக்கருவி, வேலை முடிந்ததும் தனியே நின்றுவிடும். குயவர் இயற்றுதற் கருத்தா. ஆங்கிலம் இந்த மூன்றுக்கும் மூன்று தனிச்சொல் வைத்திருக்கிறது: களிமண்ணுக்கு ‘மேட் ஆஃப்’, சக்கரத்துக்கு ‘மேட் வித்’, குயவருக்கு ‘மேட் பை’. நம்மவர் உரையில் எழுதிய வேறுபாட்டை அவர்கள் சொல்லிலேயே காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

முதற்கருவியில் ஒரு உட்பிரிவை ஆங்கிலம் கூடுதலாகச் செய்கிறது. பொருள் கண்ணுக்குத் தெரியும்படி அப்படியே இருந்தால் ‘ஆஃப்’, உருமாறிப் போயிருந்தால் ‘ஃப்ரம்’. நம் வீட்டுக் கட்டில் படாக் மரத்தால் ஆனது. மரம் மரமாகவே இருக்கிறது, சிவப்பு ரேகைகூடத் தெரிகிறது. எனவே ‘மேட் ஆஃப் படாக்’. தேங்காய் எண்ணெய் கொப்பரையால் ஆனது. எண்ணெயைப் பார்த்தால் கொப்பரை தெரியாது. எனவே ‘மேட் ஃப்ரம் கொப்பரா’. இதையே திருப்பிப் போட்டு, கொப்பரை எண்ணெயாக ஆக்கப்படுகிறது என்றால் ‘மேட் இன்டு’. பொருள் மாறி இன்னொன்றாகும் திசையை ‘இன்டு’ காட்டுகிறது.

‘பை’, ‘வித்’ வேறுபாட்டுக்கு வருவோம். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், காவல்நிலையம் வரை போகிற விஷயம். தென்னந்தோப்பு வழியாக நடந்து போன ஒருவர் தலையில் தேங்காய் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ‘தேங்காயால் அடிபட்டார்’ என்று சொன்னாலும் சொல்லலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹிட் பை எ கோகனட்’ என்றால் தேங்காய் தானாக விழுந்தது. ‘ஹிட் வித் எ கோகனட்’ என்றால் தேங்காயைக் கையில் எடுத்து ஒருவர் அடித்தார். ‘வித்’ வந்தாலே பின்னால் ஒரு கை இருக்கிறது என்று பொருள். யார் கை என்று சொல்லாவிட்டாலும், துணைக்கருவி இருந்தால் அதைப் பிடித்த கருத்தா ஒருவர் இருந்தே ஆக வேண்டும் அல்லவா? ஆகவே முதலாவது வாக்கியம் விபத்து, இரண்டாவது வாக்கியம் வழக்கு. புகார் எழுதிக் கொடுக்கும்போது இதில் தவறு செய்தால், மரத்தின் மேல் போட வேண்டிய பழி பக்கத்து வீட்டுக்காரர் மேல் விழும்.

கையே இல்லாமலும் சில இடத்தில் ‘வித்’ வரும். மூடியிருத்தல், நிறைந்திருத்தல், அலங்கரித்திருத்தல் போன்ற நிலையைச் சொல்லும்போது. பாதை இலைகளால் மூடிக்கிடக்கிறது, பந்தல் தோரணத்தால் அலங்கரிக்கப்பட்டிருக்கிறது, குடம் தண்ணீரால் நிரம்பியிருக்கிறது. இங்கெல்லாம் ‘கவர்ட் வித்’, ‘டெகரேட்டட் வித்’, ‘ஃபில்ட் வித்’. ஒரு செயலைச் சொல்லாமல் அதன் பின் மிஞ்சிய நிலையைச் சொல்கிறோம். உடனிகழ்ச்சி என்று நன்னூல் சொல்வதற்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது: இலையோடு பாதை கிடக்கிறது, தோரணத்தோடு பந்தல் நிற்கிறது. இன்று ‘வித்’ என்ற சொல்லின் முக்கியப் பொருளும் ‘உடன்’ என்பதுதானே. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “அப்ப ஆலுக்குப் பதிலா ஓடு போட்டுப் பார்த்து, பொருந்தினா வித் போடலாமா சார்?” என்று கேட்டாள். எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனால் நல்ல கைவைத்தியம்.

நான்காம் வேற்றுமை இன்னும் சுவையானது. கு உருபுக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, முறை முதலிய பொருள்களை நன்னூல் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘டு’ வாங்கும் செயப்பாட்டு வினைகளை ஒரு தாளில் எழுதி இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுக்கப்பட்டது என்றால் ‘கிவன் டு’, அது கொடை. எதிர்ப்பாக இருத்தல் ‘அப்போஸ்ட் டு’, அது பகை. பொருத்தமாக இருத்தல் ‘சூட்டட் டு’, அது தகவு. உறவாக இருத்தல் ‘ரிலேட்டட் டு’, அது முறை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு தமிழ் நூலும், அதைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு மொழியும் இப்படிப் பொருந்துவது ஆச்சரியம்தான். அதற்காக ஆங்கிலம் தமிழிலிருந்து வந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். ஒரு பொருளை நோக்கிப் போகும் திசையை மனித மனம் எங்கேயும் ஏறக்குறைய ஒரே மாதிரி பார்க்கிறது என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

முறை என்றதும் கல்யாணம் நினைவுக்கு வருகிறது. நம் ஊர்ப் பெயரிலேயே கல்யாணம் இருக்கிறது: ஷாதி என்றால் திருமணம், பூர் என்றால் ஊர். இந்தக் கல்யாண ஊர்ப் பிள்ளைகள் அதிகமாகத் தவறு செய்வதும் கல்யாண வினையில்தான். ‘என் அக்கா ஒரு இன்ஜினியரோடு மணமாகியிருக்கிறாள்’ என்ற பொருளில் ‘மேரிட் வித்’ என்று எழுதுகிறார்கள். சரியான வழக்கு ‘மேரிட் டு’. தமிழ் இதில் நமக்குச் சரியாகவே வழிகாட்டுகிறது. ‘பொண்ணை இன்ஜினியருக்குக் கட்டிக் கொடுத்திருக்கோம்’ என்றுதானே சொல்கிறோம்? கு வருகிறது, ‘டு’ வருகிறது. பிறகு ஏன் தவறு? குற்றவாளி தமிழ் அல்ல, இந்தி.

இது தீவுத் தமிழர்களுக்கே உரிய சிக்கல். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு. இங்கே வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். பக்கத்து வீட்டு வங்காளிப் பையனோடும் எதிர்வீட்டு ராஞ்சிக்காரரோடும் பேச இந்திதான் பாலம். அந்த இந்தியில் ‘ஸே’ என்று ஒரு சொல் இருக்கிறது. கத்தியால் வெட்டினான் என்பதற்கும் ‘ஸே’, என்னால் முடியவில்லை என்பதற்கும் ‘ஸே’, சென்னையிலிருந்து வந்தான் என்பதற்கும் ‘ஸே’, அவளோடு கல்யாணம் என்பதற்கும் ‘ஸே’, பாம்புக்குப் பயம் என்பதற்கும் ‘ஸே’. இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்ல ‘வித்’, ‘பை’, ‘ஃப்ரம்’, ‘டு’, ‘ஆஃப்’ என்று ஐந்து சொல் வேண்டும். ‘ஸே’ பழகிய பிள்ளை ‘ஸ்கேர்ட் ஃப்ரம் ஸ்னேக்’ என்று எழுதுவதும், தமிழே பழகிய பிள்ளை ‘ஸ்கேர்ட் டு ஸ்னேக்’ என்று எழுதுவதும் இதனால்தான். இரண்டும் தவறு, ‘ஸ்கேர்ட் ஆஃப்’ என்பதே வழக்கு. ஆனால் ஒரு பிள்ளையின் தவறைப் பார்த்தே அது எந்த மொழியில் யோசித்தது என்று கண்டுபிடித்துவிடலாம். திருத்துகிற பெற்றோருக்கு இது உதவும். சும்மா சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவதைவிட, “நீ இதை இந்தியில நெனச்சே, இல்ல?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சிரித்துவிடும், மறக்காது.

பயம் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் படு என்ற துணைவினை செயப்பாட்டுக்கு மட்டும் வருவதில்லை. பேச்சுத்தமிழில் ‘கொல்லப்பட்டது’, ‘கட்டப்பட்டது’ என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. ‘வீடு கட்டியாச்சு’ என்போம், ‘கட்டி முடிச்சிட்டாங்க’ என்போம். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்று தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் படு என்ற சொல் பேச்சில் வேறொரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. கவலைப்பட்டான், பயப்பட்டான், வெட்கப்பட்டான், ஆச்சரியப்பட்டான், சங்கடப்பட்டான். மனநிலைகள்! ஆங்கிலமும் இதே மனநிலைகளைப் பெரும்பாலும் செயப்பாட்டு உருவத்தில்தான் சொல்கிறது: ‘வொரீட்’, ‘ஸ்கேர்ட்’, ‘சர்ப்ரைஸ்ட்’, ‘எம்பாரஸ்ட்’. ஏதோ ஒன்று வந்து நம்மேல் பட்டது, நாம் பட்டுக்கொண்டோம் என்ற பார்வை இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கிறது.

இந்த மனநிலை வினைகளுக்குப் பின் ‘பை’யைவிட மற்றவைதான் அதிகம் வரும். பிள்ளையைப் பற்றிக் கவலை: ‘வொரீட் அபௌட்’. இசையில் ஆர்வம்: ‘இன்ட்ரஸ்டட் இன்’, இங்கே நம் ஏழாம் வேற்றுமை அப்படியே பொருந்துகிறது. சம்பளத்தில் திருப்தி: தமிழில் இல் வந்தாலும் ஆங்கிலத்தில் ‘சாட்டிஸ்ஃபைட் வித்’. சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது: ‘டயர்ட் ஆஃப்’. நடந்து களைத்துப்போனது: ‘டயர்ட் ஃப்ரம்’. கடைசி இரண்டையும் கவனியுங்கள். ‘ஆஃப்’ மனச்சலிப்பு, ‘ஃப்ரம்’ உடற்களைப்பு. மாமியாரைப் பார்த்து வந்த மருமகள், பயணத்தால் களைத்துவிட்டேன் என்று எழுத நினைத்து ‘டயர்ட் ஆஃப் தி விசிட்’ என்று எழுதிவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரே வினை, முன்னிடைச்சொல் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதற்கு ‘நோன்’ என்ற சொல்லைவிட நல்ல உதாரணம் இல்லை. நம் தீவுகளையே வைத்துச் சொல்கிறேன். சுவராஜ் தீவு 2018 டிசம்பர் வரை ஹேவ்லாக் என்று அறியப்பட்டது: ‘நோன் ஆஸ்’. அது ராதாநகர் கடற்கரைக்குப் பேர்போனது: ‘நோன் ஃபார்’. அங்கே போகும் வழி எனக்குத் தெரிந்ததே: ‘நோன் டு’. இருட்டில் ஒருவரைக் குரலை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்கிறோம்: ‘நோன் பை’. ‘எனக்குத் தெரியும்’ என்று தமிழிலும் கு வருவதால் ‘நோன் டு’ எளிது. ‘நோன் பை’ என்பதைத்தான் பலர் ‘என்னால் அறியப்பட்டது’ என்ற பொருளில் தவறாகப் போடுகிறார்கள். ‘இந்த விண்ணப்பதாரரை எனக்குப் பத்தாண்டாகத் தெரியும்’ என்று நற்சான்று எழுதும்போது வேண்டியது ‘நோன் டு மீ’.

ஊர்ப்பெயர்களைத் தொட்டதால் ‘நேம்ட் ஆஃப்டர்’ பற்றியும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் தலைநகரம், அதற்கு முன் போர்ட் பிளேர் என்று இருந்தது. ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரியின் பெயரால் வந்தது அது. ‘நேம்ட் ஆஃப்டர் பிளேர்’ என்பதை ‘பிளேருக்குப் பிறகு பெயரிடப்பட்டது’ என்று ஒரு பையன் மொழிபெயர்த்ததை நானே பார்த்திருக்கிறேன். ‘ஆஃப்டர்’ என்றால் பிறகுதானே என்று வாதாடினான். இங்கே அதன் பொருள் ‘பின்பற்றி’. ஒருவரைப் பின்பற்றி, அவர் நினைவாக. ‘நேம்ட் பை பிளேர்’ என்றால் பிளேர் வைத்த பெயர் என்றாகிவிடும், அது வேறு செய்தி. பெயர் மாற்றத்துக்கு ‘ரீநேம்ட்’ என்று மட்டும் சொன்னால் போதும். பின்னால் ‘ஆஸ்’ போடுவது நம் நாட்டுப் பழக்கம். தரமான ஆங்கிலத்தில் அங்கே எதுவும் வேண்டியதில்லை.

இனி எல்லாவற்றிலும் கடினமான பகுதி. இரண்டு முன்னிடைச்சொற்கள் அடுத்தடுத்து வரும் இடம். பாட்டி பேரனைக் கவனித்துக்கொண்டார் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘லுக்ட் ஆஃப்டர்’. செயப்பாட்டாக்கினால் ‘லுக்ட் ஆஃப்டர் பை’ என்று ஆகும். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் ‘ஆஃப்டர்’ஐ விழுங்கிவிட்டு ‘லுக்ட் பை’ என்று எழுதுகிறார்கள். பேரன் பாட்டியால் பார்க்கப்பட்டான் என்பதுபோல் ஆகி, வளர்ப்பும் பராமரிப்பும் காணாமல் போகின்றன. ‘லாஃப்ட் அட் பை’, ‘டாக்ட் அபௌட் பை’ எல்லாம் இதே இனம்.

ஏன் விழுங்குகிறார்கள்? தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன்’ என்பதைச் செயப்பாட்டாக்கினால் ‘டிக்கெட்டுக்குப் பணம் கட்டப்பட்டது’ என்றுதான் வரும். டிக்கெட் எங்கே போனாலும் தன் கு உருபைத் தூக்கிக்கொண்டே போகிறது. அதனால் அது எழுவாயாகவும் ஆகமுடிவதில்லை. ஆங்கிலத்திலோ டிக்கெட் தன் ‘ஃபார்’ஐ வினையின் பக்கத்திலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வாக்கியத்தின் முன்னால் வந்து எழுவாயாக உட்கார்ந்துவிடுகிறது: ‘தி டிக்கெட் வாஸ் பெய்டு ஃபார்’. விட்டுவிட்டு வந்த அந்த ‘ஃபார்’ வாக்கியத்தின் கடைசியில் அனாதை மாதிரி நிற்கும். தமிழ்க் கண்ணுக்கு அது பிழை போலத் தெரிகிறது. துடைத்துவிடுகிறோம். துடைத்தால்தான் பிழை. கட்டணம் செலுத்தப்பட்டது என்றால் ‘பெய்டு’ மட்டும் போதும். டிக்கெட்டுக்குச் செலுத்தப்பட்டது என்றால் ‘பெய்டு ஃபார்’. ‘இந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை’ என்பதைக்கூட ஆங்கிலம் இப்படிச் செயப்பாட்டாக்கும், கடைசியில் ஒரு ‘இன்’ தொங்கிக்கொண்டிருக்கும். தமிழில் இதைச் செய்து பார்த்தால் வாய் சுளுக்கிக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வாக்கியத்தை மனத்துக்குள் செய்வினையாகத் திருப்பிப் பாருங்கள். செய்வினையில் அந்தச் சின்னச்சொல் இருந்தால் செயப்பாட்டிலும் இருந்தே தீரவேண்டும். செய்வினையில் இல்லாவிட்டால் இங்கேயும் வரக்கூடாது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபௌட்’ கிடையாது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற நம் தமிழ்ப் ‘பற்றி’தான் அங்கே திருட்டுத்தனமாக நுழைந்துவிடுகிறது. சங்கக் கூட்ட அறிக்கைகளில், நம் சங்கத்து அறிக்கைகள் உட்பட, இந்த ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ வராத ஆண்டே இல்லை என்று சொல்லலாம். செயலாளர்கள் மன்னிக்க.

‘பை’ என்றாலே செய்தவர் என்று நினைப்பதால் பணமும் நாளும் போகிற இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று அளவு. கட்டணம் ‘ரெய்ஸ்ட் பை’ இருநூறு ரூபாய் என்றால், இருந்ததோடு இருநூறு கூடியது. ‘ரெய்ஸ்ட் டு’ இருநூறு என்றால், மொத்தமே இருநூறு ஆனது. அறிவிப்புப் பலகையில் இதை மாற்றிப் படித்தால் கையில் கொண்டுபோன பணம் போதாமல் திரும்ப வேண்டியதுதான். கப்பல் ‘டிலேய்ட் பை டூ டேஸ்’ என்றால் இரண்டு நாள் தாமதம். ‘டிலேய்ட் பை ரெய்ன்’ என்றால் மழையால் தாமதம். ஒரே ‘பை’தான். பின்னால் வருவது அளவா காரணமா என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். மற்றொன்று கெடு. விண்ணப்பங்கள் பெற்றோரால் பத்தாம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பதில் ‘பை’ இரண்டு தடவை வரும். முதல் ‘பை’ ஆல், இரண்டாம் ‘பை’ குள். பத்தாம் தேதி வரை நேரம் இருக்கிறது என்று சொல்லும் ‘டில்’ வேறு, பத்தாம் தேதிக்குள் முடித்துவிடு என்று சொல்லும் ‘பை’ வேறு.

இன்னொரு ‘பை’ இருக்கிறது. அதைப் பற்றி எழுதத் தயக்கமாகவும் இருக்கிறது. ஒரு வீட்டில் பாட்டியின் பழைய தோழி ஒருவர் மெயின்லாண்டில் உடல்நலமில்லாமல் இருந்தார். ஆங்கில நாளிதழில் அவர் படத்தோடு வந்த சின்னப் பெட்டிச் செய்தியைப் பேரன் பார்த்தான். ‘சர்வைவ்ட் பை’ என்ற சொல் கண்ணில் பட்டதும், “பாட்டி, அவங்க பொழைச்சுட்டாங்களாம்!” என்று ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான். பாட்டி சாமி படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டார். மாலையில் அப்பா வந்து பார்த்தபோதுதான் அது இரங்கல் செய்தி என்று தெரிந்தது. ‘சர்வைவ்’ என்றால் பிழைத்தல், ஒருவருக்குப் பின்னும் உயிரோடிருத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. அதையே செயப்பாட்டாக்கினால் இறந்தவர் எழுவாய். ‘பை’க்குப் பின்னால் வரும் மகன், மகள், பேரப்பிள்ளைகள்தான் உயிரோடு இருப்பவர்கள். அவர் இவர்களை விட்டுச்சென்றார் என்று நாம் சொல்வதை ஆங்கிலம் இப்படித் தலைகீழாகச் சொல்கிறது. அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வினையைச் சரியாகப் படித்தான். ‘பை’யைப் பார்க்கவில்லை.

அந்தச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாமா சிகிச்சை முடிந்து நல்லபடியாகத் திரும்பினார். கூடவே ஒரு கத்தைத் தாள்கள். அக்காவோடு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். ஒரே பக்கத்தில் ‘ட்ரீட்டட்’ என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. ‘ட்ரீட்டட் ஃபார்’ என்ற இடத்தில் நோயின் பெயர். ‘ட்ரீட்டட் வித்’ என்ற இடத்தில் மருந்தின் பெயர், துணைக்கருவி. ‘ட்ரீட்டட் பை’ என்ற இடத்தில் டாக்டரின் பெயர், இயற்றுதற் கருத்தா. ‘அட்மிட்டட் டு’ என்பதில் வார்டு, ‘டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம்’ என்பதில் அதே மருத்துவமனை. சேர்ந்தது நான்காம் வேற்றுமை, நீங்கியது ஐந்தாம் வேற்றுமை. ‘அட்வைஸ்ட் டு’ என்ற இடத்தில் மட்டும் டாக்டர் பெயரும் இல்லை, இடத்தின் பெயரும் இல்லை; உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே வந்த ‘டு’ வினையோடு சேர்ந்த ‘டு’, குறைக்க என்பதில் வரும் அ மாதிரி. அதைக் கேட்டதும் மாமா உள்ளே எழுந்து போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு மறுபடியும் ஒரு சீட்டு வந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். “தம்பி, அனுப்புறவரு பேரு எனக்கு வேணாம். டு-ன்னு போட்டிருக்கிற இடத்துல என்ன எழுதியிருக்கு, அதை மட்டும் பெரிசா ஒரு தாள்ல எழுதிக் குடு. அவன்கிட்ட அதைத்தான் படிச்சுக் காட்டப் போறேன்.”